வெடித்த பின் விடாத தோட்டா

பம்ப் ஷாட்கன் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு. சுட்டாயிற்று, ரவை பறந்துவிட்டது. அடுத்த தோட்டாவை ஏற்ற முன்பிடியைப் பின்னால் இழுத்தால் அது அசைய மறுக்கிறது. சுட்டு முடிந்த காலித் தோட்டா உள்ளே சுவரைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. இழுத்துப் பார்ப்பார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுப்பார்கள், கடைசியில் அடிக்கட்டையை ஓங்கித் தரையில் குத்துவார்கள். தோட்டா வந்துவிடும். நாலு வெடி தாண்டினால் திரும்பவும் அதே கதை. துப்பாக்கியே மட்டம் என்று வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கோளாறில் குற்றவாளி பெரும்பாலும் துப்பாக்கியின் இயக்கமுறை அல்ல. பள்ளி இயற்பியலில் கம்பியை இழுத்துப் படித்தோமே மீட்சிப் பண்பு, அதன் கணக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகுவதால் வருகிற வினை இது. அந்தக் கணக்கு புரிந்தவருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் புரியும். புரியாதவர் பலத்தை நம்புகிறார். குண்டு நிரம்பிய கருவியிடம் பலத்தைக் காட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

பம்ப் ஷாட்கன் அமெரிக்காவின் பிள்ளை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 அதைப் பரவலாக்கியது. 1950-ல் வந்த ரெமிங்டன் 870 இதுவரை 1 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. வாத்து வேட்டைக்கும், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டிக்கும், காவல்துறை வண்டிக்கும் அங்கே இதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அதிகம் புழங்கும் அளவு 12 கேஜ். நம் பக்கத்தில் 12 போர் என்பார்கள். குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பது பழைய அளவுமுறை. அந்த விட்டம் சுமார் 18.5 மி.மீ.

குழலின் பின்முனையில், தோட்டா உட்காரும் இடம் மட்டும் சற்று அகலமாகக் கடையப்பட்டிருக்கும். தோட்டா அறை என்று அதைச் சொல்லலாம். வாயருகே அதன் விட்டம் ஏறத்தாழ 20.6 மி.மீ., முன்முனையில் 20.3 மி.மீ. இந்தச் சிறு சரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். தோட்டா என்பது ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் அடியில் மெல்லிய உலோகத் தகட்டில் அடித்த ஒரு குப்பி. குப்பிக்கு வெளிப்பக்கம் நீட்டிய விளிம்பு இருக்கும். துப்பாக்கியின் இழுப்புக் கொக்கி அந்த விளிம்பில்தான் மாட்டிக்கொள்ளும். உள்ளே மருந்து, அதற்கு மேல் தக்கை, அதற்கு மேல் ரவை. 1960-ல் பிளாஸ்டிக் தோட்டா வருவதற்கு முன் குழாய்ப் பகுதி காகிதத்தால் ஆனது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளுக்கு 1897 மாடலைக் கொண்டுபோன அமெரிக்கப் படையினர், ஈரத்தில் ஊறிப் பருத்த காகிதத் தோட்டாக்களோடு மல்லுக்கட்டினார்கள். அதனாலேயே முழுக்கப் பித்தளையில் தோட்டா செய்து அனுப்ப வேண்டி வந்தது.

மருந்து பற்றியதும் அறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. இரண்டே முக்கால் அங்குல 12 கேஜ் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் வைத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப் போல 780 மடங்கு. ரைஃபிள்களில் இதைப்போல ஐந்து மடங்கு போகும் என்றாலும், தகடு மெல்லியதாக இருக்கும் இடத்தில் இதுவே ஏராளம். குப்பி தன் பலத்தில் இதைத் தாங்காது. அது உடனே புடைத்துப்போய் அறையின் எஃகுச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்ட வேண்டும் என்பதே வடிவமைப்பு. ஒட்டினால்தான் கொதிக்கும் வாயு பின்பக்கமாகச் சுடுபவரின் முகத்துக்கு வராது.

ரவை குழலை விட்டு வெளியேறியதும் அழுத்தம் சரேலென்று இறங்குகிறது. இப்போது அதே குப்பி சுவரை விட்டு உள்வாங்க வேண்டும். சில மில்லி நொடிகளுக்கு முன் எவ்வளவு விசுவாசமாக ஒட்டியதோ அவ்வளவு சுத்தமாக விலக வேண்டும். ஒரே தகட்டிடம் நேரெதிரான இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். முதல் வேலையில் அது தவறுவது அபூர்வம். தோட்டா சிக்குகிறது என்றால் இரண்டாவது வேலை கெட்டிருக்கிறது.

உலோகம் எதையும் ஓரளவுக்கு இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். மீட்சி எல்லையைத் தாண்டினால் திரும்பாது. ஆனால் எல்லை தாண்டிய உலோகமும் கொஞ்சம் பின்வாங்கவே செய்யும். எவ்வளவு பின்வாங்கும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது: மீட்சி எல்லையின் தகைவை, விறைப்பின் அளவான யங் குணகத்தால் வகுத்தால் போதும். எதிர்பாராத முடிவு இங்கேதான் வருகிறது. எஃகின் யங் குணகம் சுமார் 200 கிகா பாஸ்கல், பித்தளைக்கு அதில் பாதிதான். எஃகு விறைப்பானது, அந்த விறைப்பே அது குறைவாகப் பின்வாங்கக் காரணம். அடித்து இறுக்கிய பித்தளையின் மீட்சி எல்லை 350 மெகா பாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் அது 0.33 சதவீதம் பின்வாங்கும். 20.6 மி.மீ. விட்டத்துக்கு 0.07 மி.மீ. அளவில் வருகிறது. சாதாரண மென் எஃகுத் தகட்டுக்கு 280 என்று எடுத்தால் 0.14 சதவீதம், விட்டத்தில் 0.03 மி.மீ. மட்டுமே.

அந்த 0.03-லும் ஒரு பங்கு கைநழுவுகிறது. அழுத்தத்தின் உச்சத்தில் அறைச் சுவரும் மிக லேசாக விரிகிறது. கனமான சுவர் என்றாலும் விட்டத்தில் 0.01, 0.02 மி.மீ. விரியத்தான் செய்யும். அழுத்தம் விலகியதும் அது முழுதாகத் திரும்பி வந்து, உள்ளே இருக்கும் குப்பியை நெருக்குகிறது. குப்பி பின்வாங்கும் தூரத்திலிருந்து சுவர் திரும்பி வரும் தூரத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் இடைவெளி. பித்தளைக்கு 0.05 மி.மீ. மிஞ்சும். மென் எஃகுக்கு 0.01 மிஞ்சினால் பெரிது. இவை தோராய எண்களே. தோட்டாவுக்குத் தோட்டா, குழலுக்குக் குழல் மாறும். அவை காட்டும் திசை மட்டும் மாறாது.

பெட்டி பெட்டியாக மலிவு விலையில் விற்கும் தோட்டாக்களில் குப்பி பெரும்பாலும் எஃகுத் தகடு. மேலே பித்தளைப் பூச்சு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தங்க நிறத்தில் மின்னும். குப்பியின் பக்கவாட்டில் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளையை அது சட்டை செய்யாது, எஃகைக் கவ்விக்கொள்ளும். எஃகுக் குப்பி என்றாலே மட்டம் என்று சொல்லிவிடவும் முடியாது. நன்றாக இறுக்கி அடித்த எஃகு கூடுதலாகப் பின்வாங்கும், நல்ல அறையில் சிக்கலில்லாமல் வெளியேறும். எஃகுக் குப்பியும் கரடுமுரடான அறையும் சேர்கிற இடத்தில்தான் சங்கடம். தோட்டா சிக்குகிறது என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, வேறு வகைத் தோட்டா போட்டுப் பார்த்தீர்களா என்பதைத்தான். பித்தளைக் குப்பி உள்ள ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்ப்பதைவிட மலிவான சோதனை கிடையாது.

உலோகத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததால் போர்க்களத்திலேயே அவதிப்பட்ட கதை உண்டு. 1876 ஜூன் 25-ல் மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் 7-வது குதிரைப்படை லகோட்டா, ஷையென் பழங்குடி வீரர்களிடம் தோற்றது. படையின் கையில் இருந்தது ஒற்றைத் தோட்டா போடும் ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன். தோட்டாவின் உறை செம்பு. மென்மையான செம்பின் மீட்சி எல்லை 70 மெகா பாஸ்கல் அளவில்தான் இருக்கும். நம் கணக்கில் போட்டால் அது 0.06 சதவீதம்கூடப் பின்வாங்காது. அந்த உறையின் விட்டத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. போதாக்குறைக்குத் தோல் கச்சையில் செருகிவைத்த தோட்டாக்களில் களிம்பு ஏறியிருந்தது. சிக்கிய உறையைக் கத்தியால் நெம்பி எடுக்க வேண்டியிருந்ததாகப் பிறகு புகார்கள் எழுந்தன. 1980-களில் அந்தப் புல்வெளியைத் தோண்டி ஆராய்ந்தபோது நெம்பிய தடம் உள்ள உறைகள் மிகச் சிலவே கிடைத்தன. எனவே தோல்வியைச் செம்பின் தலையில் கட்டுவது மிகை. புகார் உண்மை, அளவு சிறியது. இராணுவம் பின்னர் பித்தளைக்கு மாறிக்கொண்டது.

இனி சுவருக்கு வருவோம். தோட்டா அறையை ரீமர் என்ற கடைசல் கருவி சுழன்று சுழன்று அகலப்படுத்துகிறது. கருவி கூர் மழுங்கியிருந்தாலோ, அவசரமாக ஓட்டினாலோ, சுவரில் வளையம் வளையமாக மெல்லிய வரப்புகள் நிற்கும். சில மைக்ரான் உயரம்தான். 0.05 மி.மீ. இடைவெளி உள்ள தோட்டாவுக்கு அது பொருட்டே இல்லை. 0.01 மி.மீ. மட்டுமே மிச்சம் உள்ள தோட்டாவுக்கு அது வேலி. 780 வளிமண்டல அழுத்தம் தகட்டை அந்த வரப்புகளுக்கிடையே அழுத்திவிடுகிறது. வரப்பு வளையமாக ஓடுவதாலும் தோட்டா நேர்கோட்டில் வெளியேற வேண்டியிருப்பதாலும், ஒவ்வொரு வளையமும் குறுக்கே நிற்கும். மெருகேற்றும் வேலைக்குக் கூலியும் நேரமும் ஆகும் என்பதால் விலை குறைந்த துப்பாக்கிகளில் இது அதிகம் தென்படுவதில் வியப்பில்லை.

ரீமர் விட்டுவைத்ததைத் துரு செய்து முடிக்கும். சதுப்பு நிலத்தில் வாத்துக்காக விடியும் முன்பே போய் உட்காருகிறவர்களின் துப்பாக்கி, ஈரத்தோடு உறைப்பைக்குள் போய் அங்கேயே வாரக்கணக்கில் கிடக்கும். வெளியே எண்ணெய் தடவித் துடைப்பவர்கள் தோட்டா அறைக்குள் விரலை விடுவதில்லை. அங்கே துரு புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கிறது. வியட்நாமில் எம்-16 ரைஃபிளுக்கு நேர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மருந்தின் வகையை மாற்றினார்கள், துடைக்கும் சாமான்களைப் போதுமான அளவு கொடுக்கவில்லை, அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. உறைகள் அறைக்குள் சிக்கின. வீரர்கள் குழலின் முன்வாயில் கம்பியை விட்டுக் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தார்கள், எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே. 1967-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு இதை விசாரித்தது. அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது. சுவரின் வழவழப்பு உயிர் சம்பந்தப்பட்டது என்பதை அந்தப் படை பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

இந்த இரண்டும், அதாவது தோட்டாவின் உலோகமும் அறையின் சுவரும், எல்லாத் துப்பாக்கிக்கும் பொது. பம்ப் ஷாட்கன்னுக்கு மட்டும் ஏன் இத்தனை புகார் என்றால், அதனிடம் நெம்புகோல் இல்லை. மாவ்ஸர் வகை ரைஃபிளில், தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கும்போதே அதன் அடியில் உள்ள சரிவுப் பரப்பு போல்ட்டை ஒரு துளி பின்னுக்குத் தள்ளிவிடும். கையின் விசை அங்கே பல மடங்காகிறது. பம்ப்பில் முன்பிடியை எவ்வளவு பலத்தில் இழுக்கிறோமோ அதே பலம்தான் கொக்கிக்குப் போகும். பூட்டு விடுபடும்வரை முன்பிடி சிறிது தூரம் தனியாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் பிடிக்கும் வேகம் மட்டுமே கூடுதல் உதவி. தயங்கித் தயங்கி இழுப்பவருக்கு அந்த உதவியும் கிடைக்காது.

அறையின் சரிவைச் சொன்னேன் அல்லவா, அது இங்கே கைகொடுக்கிறது. 70 மி.மீ. நீளத்தில் விட்டம் 0.3 மி.மீ. குறைகிறது. தோட்டா ஒரே ஒரு மில்லிமீட்டர் பின்னால் வந்தால் விட்டத்தில் நாலைந்து மைக்ரான் இடம் பிறந்துவிடும். முதல் மில்லிமீட்டர்தான் கஷ்டம். அது கடந்தால் தோட்டா தானே வழுக்கிக்கொண்டு வரும். ஒன்றுக்குள் ஒன்று இறுகிப்போன எவர்சில்வர் டம்ளர்களைப் பிரிக்கும்போது வீட்டில் என்ன செய்வார்கள்? உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் வைப்பார்கள். உள்ளே இருப்பது சுருங்கும், வெளியே இருப்பது விரியும், மெல்ல அசைத்தால் பிரிந்துவிடும். தோட்டாவுக்குத் தண்ணீர் தேவையில்லை. சுட்ட உடனே குப்பி சூடாக இருக்கும். அது 50 டிகிரி ஆறினால், பித்தளையாக இருந்தால், விட்டத்தில் 0.02 மி.மீ. சுருங்கும். கொஞ்சம் பொறுத்திருந்து இழுத்தபோது வந்துவிட்டது என்று பலர் சொல்வதற்கு இதுவே விளக்கம்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வெளியேறிய காலித் தோட்டாவை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குப்பியின் உடம்பில் நீளவாக்கில் பளபளவென்று கீறல்கள் ஓடினால், அல்லது மெல்லிய வளையத் தடங்கள் பதிந்திருந்தால், சுவரில் வரப்பு இருக்கிறது. விளிம்பில் கொக்கி மாட்டிய இடம் வளைந்தோ பிய்ந்தோ இருந்தால், கொக்கி தன் கடமையைச் செய்திருக்கிறது, தோட்டாதான் விடவில்லை. விளிம்பு புதுசுபோல இருந்து, காலித் தோட்டா மட்டும் உள்ளே தங்கிவிடுகிறதென்றால் நிலைமை தலைகீழ்: கொக்கி நழுவுகிறது. அதன் முனை தேய்ந்திருக்கலாம், சுருள்வில் தளர்ந்திருக்கலாம், அடியில் கரி சேர்ந்து கொக்கியை உட்கார விடாமல் தடுக்கலாம். இது தெரியாமல் அறையை நாள்முழுதும் தேய்த்துப் பயனில்லை.

இன்னும் உறுதியான சோதனை ஒன்று. துப்பாக்கியைக் காலி செய்து, கண்ணாலும் விரலாலும் இருமுறை சரிபார்த்துவிட்டு, குழலைக் கழற்றுங்கள். 870 போன்றவற்றில் முன்னால் உள்ள மூடியைத் திருகி எடுத்தால் குழல் கையோடு வரும். அதே துப்பாக்கியில் சுட்ட காலித் தோட்டாவை வெறுங்கையால் அறைக்குள் செருகி, விளிம்பில் நகத்தை வைத்து வெளியே இழுங்கள். லேசாக வந்தால் அறையைச் சந்தேகிக்க வேண்டாம். நகத்துக்கு வராமல் இறுகினால் விடை கிடைத்துவிட்டது. பிறகு குழலின் முன்வாயைச் சன்னல் பக்கம் நீட்டி, பின்பக்கமாக அறைக்குள் பாருங்கள். நல்ல அறை கண்ணாடிபோல வெளிச்சத்தை வாங்கித் திருப்பும். வளையங்களோ, பழுப்புப் புள்ளிகளோ, உருகிப் படிந்த பிளாஸ்டிக்கின் மங்கலான படலமோ இருந்தால் மறைக்க முடியாது.

மூன்று அங்குலத் தோட்டாவை இரண்டே முக்கால் அங்குல அறையில் போட்டாலும் வெடித்தபின் சிக்கலாம். இது வெறும் தொல்லையோடு நிற்கிற விஷயம் இல்லை. சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது அறைக்குள் தாராளமாகப் போய்விடும். சுட்டதும் மடிப்பு விரிந்து, குழல் குறுகும் இடத்துக்குள் நுழைந்து வழியை நெருக்குகிறது, அழுத்தம் எகிறுகிறது. தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பது விரிந்தபின் உள்ள நீளம். குழலின் பக்கவாட்டில் பொறித்த எண்ணைப் படிக்காமல் தோட்டா வாங்கக் கூடாது. 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதும் இப்படி ஒரு அபாயத்தைத் தவிர்க்கத்தான். அது 12 கேஜ் அறையைத் தாண்டிக் குழலுக்குள் வழுக்கிப்போய் நின்றுகொள்ளும். பின்னால் தெரியாமல் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும்.

சிக்கிய நேரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குழலின் வாய் ஆளில்லாத திசையிலேயே இருக்க வேண்டும், விரல் விசையை விட்டு வெளியே, பாதுகாப்புப் பூட்டு போட்டபடி. தோட்டா வெடித்ததா என்பதில் ஐயம் இருந்தால் அரை நிமிடமாவது அப்படியே பிடித்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றுவது உண்டு. பிறகு குழலுக்குக் கீழே உள்ள குழாயில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களை எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது வெடித்து முடிந்த தோட்டாதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால், குழலின் முன்வாய் வழியாக ஒரு மரக்கோலை விட்டு, முன்பிடியை இழுத்துப் பிடித்தபடி மெல்லத் தட்டினால் போதும். நிச்சயம் இல்லையென்றால் பழுது பார்ப்பவரைத்தான் தேட வேண்டும். அடிக்கட்டையைத் தரையில் குத்தும் பழக்கத்தைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். அந்த நொடியில் குழல்வாய் முகத்துக்கு நேராக நிற்கிறது. கட்டை பிளந்தவர்கள் உண்டு. நடந்திருக்கக்கூடியதை நினைத்தால் கட்டை பிளந்தது பெரிதே இல்லை.

அறையைச் சீராக்குவது சிரமமான வேலை அல்ல. முதலில் கரைப்பான் நனைத்த அறைப் பிரஷ்ஷால் கரியையும் பிளாஸ்டிக் படலத்தையும் எடுங்கள். பாதிப் புகார்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், பழைய பிரஷ்ஷின் மேல் நான்கு பூஜ்ய எண் கொண்ட மிக மெல்லிய எஃகுப் பஞ்சைச் சுற்றி, எண்ணெயில் நனைத்து, கை டிரில்லில் மெதுவாக ஓட்டி முன்னும் பின்னும் நகர்த்தலாம். சிறிது நேரம் ஓட்டுங்கள், துடையுங்கள், நகச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வரப்புகளின் முனை மழுங்கினால் போதும். மணல்தாளைக் கொண்டு தேய்ப்பவர்கள் அறையையே பெரிதாக்கிவிடுகிறார்கள். பிறகு குப்பி கூடுதலாகப் புடைக்கும், சில வேளை கிழியும், எடுத்த எஃகைத் திரும்ப வைக்க வழியில்லை. துருக் குழி ஆழமாக இறங்கியிருந்தால் அது கைவேலைக்கு அப்பாற்பட்டது. சரியான அளவில் மெருகேற்றவோ குழலை மாற்றவோ பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

மெருகேற்றியபின் எஃகுப் பஞ்சின் துகள் ஒன்றுகூட உள்ளே நிற்காதபடி வெள்ளைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். துணி கறுக்காமல் வரும்வரை துடையுங்கள். துப்பாக்கியை உள்ளே வைப்பதற்கு முன் அறைக்கு எண்ணெய்ப் பூச்சு ஒன்று கட்டாயம். சுடுவதற்கு எடுக்கும் நாளில் அந்த எண்ணெயை முழுக்க ஒற்றி எடுத்துவிடுங்கள். ஈரமான சுவரில் குப்பி பிடிப்பில்லாமல் வழுக்கி, வெடியின் தள்ளுவிசை முழுவதையும் போல்ட்டின் மேல் இறக்கும்.